காலி டம்ளர்

கண்ணாடிக்காரர் சந்தில் குப்புறப் படுத்து, தண்ணீர்த் தொட்டியின் மேடைக்குக் கீழே வலது கையைத் தோள்பட்டை வரை நுழைத்திருந்தார். இடது கையில் துண்டு. பூனை அவருடைய விரல் நுனிக்கு ஒரு சாண் தள்ளி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. கையை இன்னும் நீட்டினால் அது இன்னும் ஒரு சாண் தள்ளிப் போகும். காலையிலிருந்து இதுதான் நடக்கிறது.

“என்ன கண்ணாடிக்காரரே, தொட்டிக்கு வைத்தியமா?”

குரலைக் கேட்டாலே யாரென்று தெரியும். முதல் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மெதுவாகப் பேசத் தெரியாததால் கட்டடம் முழுக்க அவருக்கு ஹாரன் என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

“பூனைக்கு உடம்பு சரியில்ல சார். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

“மெதுவாத்தானே பேசறேன்.” ஹாரன் குனிந்து பார்த்தார். “அடடா, மூஞ்சி என்ன இப்படி வீங்கிக் கெடக்கு? குளவி கொட்டியிருக்கும்.”

கண்ணாடிக்காரரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். நேற்று மத்தியானம் அதன் முகம் உப்பத் தொடங்கியது. இன்று காலையில் கண்கள் இரண்டும் வெறும் கீறல்களாகிவிட்டன. முன்னங்கால்களும் வீங்கியிருந்தன. வாயைத் திறந்து மூச்சு விட்டது. ஒரு பூனை நாயைப் போல இரைத்து அவர் பார்த்ததில்லை.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாக ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறார். பூனை, நாய் எதன் மேலும் தனிப் பிரியம் கிடையாது. இது அக்காவின் பூனை. அப்படியும் சொல்லிவிட முடியாது. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அது அவளைத் தொட விட்டதில்லை. தினம் இரண்டு வேளை அவளுடைய ஜன்னல் விளிம்பில் வந்து உட்காரும். வைத்ததைச் சாப்பிடும். அறையை மேலும் கீழும் ஒருமுறை பார்க்கும். போய்விடும். அக்கா ஒரு கம்பெனியின் டெலிபோன் போர்டில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். “எங்க மேனேஜரும் இப்படித்தான்டா. வருவார், பாப்பார், நல்லதா ஒரு வார்த்தை சொல்லாமப் போயிடுவார்” என்றாள். அன்றிலிருந்து அதற்கு மேனேஜர் என்று பெயர்.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அக்காவை வீட்டுக்கு அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. இந்த ஐந்து வாரத்தில் அவள் அவரிடம் எதையும் கேட்கவில்லை. இது வேண்டும், இன்னாரைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. இன்று காலை கண் விழித்து, ஜன்னல் வழியாகப் பூனையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

“அதை டாக்டர்ட்ட கொண்டு போடா.”

கேட்டது அந்த ஒன்றுதான்.

அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். சமையலறையில் நின்று மிருக வைத்தியருக்குப் போன் செய்தார். ஒரு பெண் எடுத்தார். டாக்டரே அவர்தான்.

“எப்பலேருந்து இப்படி இருக்கு?”

“நேத்து மத்தியானத்துலேருந்து டாக்டர். தெருப் பூனை. கைக்கு அகப்பட மாட்டேங்குது.”

“வாய் தெறந்திருக்குன்னீங்களே, ஈறு என்ன நெறம்?”

“பழுப்பா இருக்கு. காபித் தூள் மாதிரி.”



“வீட்ல யாராவது வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை சாப்பிடறாங்களா?”

“எங்க அக்கா சாப்பிடறாங்க. ஆனா மாத்திரையெல்லாம் எங்கிட்டதான் இருக்கு. ஒண்ணுகூடக் கீழ விழல.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க சார். நமக்கு அது சாதாரண மாத்திரை. பூனைக்குப் பாதி போதும், ரத்தமே கெட்டுப் போயிடும். மாத்து மருந்து இருக்கு, ஆனா நேரத்துல குடுக்கணும். நான் அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். எப்படியாவது பிடிச்சுக் கொண்டாங்க.”

போனை வைத்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். மேடையில் ஒரு கண்ணாடித் தட்டும் ஒரு பழைய தடித்த லென்ஸும் இருந்தன.

மூன்று நாள் முன்பு அக்கா வலி மாத்திரை விழுங்குவதை நிறுத்திவிட்டாள். தொண்டையில் நிற்கிறது என்று துப்பினாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், பொடி செய்து எதிலாவது கலந்து கொடுக்கச் சொன்னாள். ஸ்பூனால் நசுக்கிக் கொடுத்தார். அக்கா நாக்கில் நெருடிய துகளை விரலால் எடுத்துக் காட்டி, “என்னடா இது?” என்றாள். அது அவருடைய தொழில் கௌரவத்தைத் தொட்டுவிட்டது. தட்டில் மாத்திரையை வைத்து, லென்ஸின் வளைவால், கடையில் செய்வது போலவே சின்னச் சின்ன வட்டங்களாக அரைத்தார். விரலிடுக்கில் தேய்த்தால் இருப்பதே தெரியாத பொடி. அதைப் பாலில் கலந்தார். சொல்லாமல் கொடுத்தார். டம்ளர் காலியாகத் திரும்பி வந்தது. அடுத்த வேளையும் காலி. “ஒரு சொட்டு மிச்சம் வெக்கலம்மா” என்று நர்ஸிடம் பெருமையாகச் சொன்னார். வலி மட்டும் குறையவில்லை. போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதைப் பார்த்து, நேற்றுக் காலையிலிருந்து ஒன்றுக்கு இரண்டாக அரைத்தார்.

அக்காவின் அறைக்குப் போனார். கட்டில் ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. விளிம்பு, படுத்தபடியே கை எட்டும் உயரம். அங்கே ஒரு டப்பா மூடி. அடியில் பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவர் விரலால் சுரண்டி நாக்கில் வைத்தார். கசந்தது.

“பாத்துட்டியா?” என்றாள் அக்கா.

அவள் விழித்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

“எறங்கல்லடா எனக்கு. ரெண்டு வாய்க்கு மேல முடியல. டம்ளர் காலியா இருந்தா உன் மூஞ்சி அப்படி மலந்து போகுது. அதான்…”

“எத்தனை நாளாக்கா?”

“மூணு நாள் இருக்கும்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “கோவிச்சுக்காத.”

“எதுக்குக் கோவம்.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மஞ்சள் படிந்த கண்களில் ஏதோ நெடுநேரமாகக் காத்திருந்தது.

“என் எச்சில் பட்ட பால்டா அது. என் நோவு அதுக்கு ஒட்டிக்கிச்சா?”

அவர் வாயைத் திறந்தார். இரண்டு வாக்கியம் போதும். நோய் இல்லை, மாத்திரை. நீ இல்லை, நான். ஆனால் ஊற்றியது அவள் கை. மூன்று நாளும், எழ முடியாத உடம்பைத் திருப்பி, டம்ளரைத் தூக்கி, சிந்தாமல் அந்த மூடியில் ஊற்றிய கை இப்போது போர்வையின் மேல் மல்லாந்து கிடந்தது.

“இந்த வியாதி ஒட்டாதுக்கா. குளவி கொட்டியிருக்கு.”

“குளவியா? யாரு சொன்னா?”

“ஹாரன்.”

“ஹாரன் சொன்னா குளவிக்கே கேட்டிருக்குமே.” உதட்டோரம் அசைந்தது. பிறகு, “டாக்டர்?” என்றாள்.

“இதோ கொண்டு போறேன்.”

“போ. என் பக்கத்துல உக்காந்து என்ன பண்ணப் போற.”

அட்டைப்பெட்டி, மீன், துண்டு, துடைப்பம் என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. மீனை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஹாரன் மறுபக்கம் உட்கார்ந்து துடைப்பத்தால் மெல்லத் தள்ளினார். பூனை எழுந்தது, தள்ளாடியது, அவர்கள் இருவருக்கும் நடுவே வெளியே வந்தது. கண்ணாடிக்காரர் துண்டை வீசினார். துண்டு தரையில் விழுந்தது. பூனை சுவருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடையில் இருந்த இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டது. அங்கே கையே போகாது.

“சாகற ஒடம்புல எவ்ளோ பிடிவாதம் பாருங்க” என்றார் ஹாரன். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மணிக்கு நர்ஸ் வந்தாள். அக்காவின் பாதங்களைத் தொட்டாள், மணிக்கட்டைப் பிடித்தாள், அவரைச் சமையலறைக்கு அழைத்து வந்தாள்.

“இனிமே எங்கயும் போகாதீங்க சார். பக்கத்துலயே இருங்க.”

“மாத்திரை உள்ள போகவே இல்லம்மா. மூணு நாளா.”

நர்ஸ் மேடையிலிருந்த கண்ணாடித் தட்டைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஊசிக்குக் கேட்டிருப்பேன்” என்று மட்டும் சொன்னாள். உடனே அக்காவைப் பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்தாள். அந்த ஊசிக்கு அவர் கையெழுத்து வேண்டும். வேறொரு வீட்டில் இருக்கிறேன், முடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

கண்ணாடிக்காரர் கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அக்காவின் மூச்சு ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து வந்தது. ஒருமுறை கண்ணைத் திறந்தாள்.

“கொண்டு போனியா?”

“கொண்டு போனேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஊசி போட்டாங்க. நாளைக்குள்ள வீக்கம் வத்திடுமாம்.”

“கடிச்சுதா உன்னை?”

“இல்லக்கா. சமத்தா இருந்துச்சு.”

அப்போது அவருக்கு அது கேட்டது. ஜன்னலுக்கு வெளியே, குழாய் இடுக்கிலிருந்து, வேகமாக, ஈரமாக, இரைக்கும் சத்தம். தெருவில் ஒரு வண்டி போனபோது மறைந்தது. வண்டி போனதும் மறுபடி கேட்டது. அவர் எழுந்து ஜன்னல் கதவுகளைச் சாத்தினார்.

“ஏன்டா?”

“ஈ வருது.”

முப்பத்தொரு வருடம், இரைச்சலுக்கு நடுவே வரும் மெல்லிய குரல்களைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது அக்காவுடையது. சாத்திய ஜன்னலையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். அவர் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ளத்தான் நகர்த்தினாளா, வலியில் நகர்ந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. வலிக்குதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஆமாம் என்றால் அவரிடம் கொடுக்க என்ன இருக்கிறது?

மூன்றே முக்காலுக்கு நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு தாளில் நேரத்தைக் குறித்தாள். டாக்டர் வந்தபோது மணி நாலேகால். வந்த வேலை மாறிவிட்டிருந்தது. ஊசியை வெளியே எடுக்காமலே பையை மூடிவிட்டு, சான்றிதழ் எழுதினார். ஹாரன் யார் யாருக்கோ போன் செய்தார். பிரேத வண்டி ஐந்து மணிக்குள் வரும் என்றார். முன்வாசலில் படிகள் அதிகம். சந்து வழியாக வந்தால் பின்கதவிலிருந்து நேராக ஏற்றிவிடலாம், அதையும் சொல்லியாகிவிட்டது என்றார்.

“நீங்க கொஞ்சம் உக்காருங்க. தண்ணியாவது குடிங்க” என்றாள் நர்ஸ்.

அவர் உட்கார்ந்தார். அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பின்கதவைத் திறந்துகொண்டு சந்துக்கு வந்தார்.

பூனை இடுக்கில் இல்லை. சந்தின் நடுவில், மறைவு ஏதுமில்லாத வெட்டவெளியில், பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. மூன்று வருடத்தில் அது அப்படிப் படுத்ததில்லை. செத்துவிட்டதென்று நினைத்தார். அருகே போனபோது விலா எழும்பித் தாழ்ந்தது. மணி நாலு முப்பத்தைந்து. மிருக வைத்தியர் ஐந்து வரை இருப்பதாகச் சொன்னார். ஆட்டோவில் போனால் கால் மணி நேரம்.

துண்டும் பெட்டியும் உள்ளே இருந்தன. போய் எடுத்து வருவதற்குள் அது நகர்ந்துவிட்டால் என்ற பயத்தில், மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தூக்கப் போனார். ரோமத்துக்குள் விரல் படிந்தது. நினைத்ததைவிடச் சூடு குறைவாக, நினைத்ததைவிட எடை குறைவாக இருந்தது. பூனை தலையைத் திருப்பி அவருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கடித்தது. பல் இறங்கியது. ஆனால் இன்னும் இறுக்க அதற்குத் தெம்பில்லை, விடவும் மனமில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, மூக்கு வழியாக மூச்சு விட முயன்றது.

சந்தின் திருப்பத்தில் வண்டி வந்தது. வெள்ளை வண்டி, இரு பக்கமும் சுவரை உரசாமல் மெதுவாக. அவருக்குப் பத்தடி தூரத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“அண்ணே, கொஞ்சம் ஓரமா வாங்க. உள்ள ஒரு வீட்டுக்குப் போகணும்.”

“எங்க வீட்டுக்குத்தான்” என்றார் கண்ணாடிக்காரர். “ஒரு நிமிஷம்.”

கையை இழுத்தால் பூனை பயந்துவிடும். இழுக்காவிட்டால் எழ முடியாது. அவர் மண்டியிட்டபடியே இருந்தார். டிரைவர் இறங்கி இரண்டடி வந்து, அவர் கையைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், அப்பால் திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்தார். திரும்பிப் போய் இன்ஜினை அணைத்தார்.