ஓசி ருசி மாப்பிள்ளை

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. அனிஷாவின் கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ராத்திரி.

விடிந்தால் ஞாயிறு. காலைப் பூசையில் அவளுக்கும் ஜஸ்டினுக்கும் மூன்றாவது ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச்சாமியார் கேட்கிற கடைசித் தடவை. அதற்கப்புறம் வேண்டாம் என்றால் ஊர் வாயை மூட முடியாது.

இரண்டு ஓலை வரைக்கும் நிம்மதியாகத்தான் இருந்தாள். கெடுத்தவர் அக்கா புருஷன் தர்மராஜ். மதியம் சாப்பிடும்போது, அதுவும் பாராட்டாகச் சொன்னார்.

"மாப்ள ரொம்பக் கெட்டி. சனிக்கெழமை ஆனா பழைய மார்க்கெட்டுக்கு வந்துடறாரு. மூணு வருசமா பாக்கறேன், ஒரு ரூவா செலவு பண்ணி நான் பாத்ததில்ல. எல்லாம் ஓசியிலயே முடிச்சுக்கறாரு. நம்ம ஆளு!"

அந்த 'நம்ம ஆளு'வைக் கேட்டதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தர்மராஜ் சோப்பை நூல் போட்டு அறுத்து, பாதியை அக்காவிடம் கொடுத்து மீதியைப் பூட்டி வைக்கிறவர். மிக்சர் டப்பாவுக்கும் பூட்டு. வாய் ஓயாமல் பேசுகிற ஜெசி அக்கா ஆறே வருஷத்தில் ஊமையாகிப் போனாள். தனக்கும் ஒரு தர்மராஜா?

"பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிட்டு வரேம்மா" என்று கிளம்பினாள். கோயிலுக்கு எதற்கு பர்ஸ் என்று அம்மா கேட்பாளே என்று அதைத் தொடவே இல்லை. துப்பட்டாவை முக்காடாக இழுத்துவிட்டு நேராக மார்க்கெட்டுக்குள் நுழைந்தாள்.

வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கொட்டகை. கீழே நாலு வரிசைக் கடைகள். வறுத்த மல்லாட்டைக் கடலை வாசனையும் பலாப்பழ வாசனையும் மூக்கில் முட்டி மோதின. அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. கண் ஜஸ்டினைத் தேடியது.

அதோ!

பீங்கான் கம்பெனி வேலை முடிந்து நேராக வந்திருந்தான். முழங்கை வரைக்கும் வெள்ளை மாவு. காசியம்மாள் கடையில் உரிமையோடு ஒரு பிடி மல்லாட்டையை அள்ளினான். வாயில் போட்டான். காசியம்மாளிடம் குனிந்து ஏதோ முணுமுணுத்தான். நகர்ந்தான். பாக்கெட் பக்கம் கை போகவே இல்லை.

அனிஷாவுக்குக் காது சுட்டது. சும்மா நின்றால் சந்தேகப்படுவார்களே என்று அதே குவியலிலிருந்து அவளும் நாலு எடுத்துக் கொறித்தாள். நடந்தாள்.

அடுத்து பலாப்பழம். ஒரு சுளை எடுத்தான், பாதியைப் பிய்த்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் வாயில் ஊட்டினான், மறுபடி முணுமுணுப்பு, நகர்ந்தான். அவளும் ஒரு சுளை. தேன்! அடுத்து மாவடு. அடுத்து உடைத்த முந்திரி. அவன் எங்கெல்லாம் வாயைத் திறந்தானோ அங்கெல்லாம் பின்னாலேயே அவளும். நெஞ்சு திக்திக் என்று அடித்துக்கொண்டிருக்க, நாக்கு மட்டும் தனியாகத் திருவிழா கொண்டாடியது.

வெல்லக் கடையில் ஒரு துண்டைக் கடித்துவிட்டு நகரும்போது முதுகுக்குப் பின்னால் குரல் விழுந்தது.

"ஏம்மா, நில்லு!"

கடைக்காரர் தேவநாதன். நாலு பேர் திரும்பினார்கள்.

"நானும் பாத்துக்கினே இருக்கறேன். காசியம்மா கடையிலேர்ந்து தின்னுக்கினே வர. வாயத் தொறக்காம போறியே, இன்னா பழக்கம் இது?"

பர்ஸ் இல்லை. "மன்னிச்சுக்குங்கண்ணே, காசு கொண்டாரல. இத வச்சுக்குங்க" என்று காதுத் தோட்டின் திருகில் கை வைத்தாள்.

மார்க்கெட்டே சிரித்தது.

"அட, ஒங்கிட்ட காசு யாரு கேட்டா?" பக்கத்து வரிசையிலிருந்து காசியம்மாள் கத்தினாள். "எங்கப்பன் காலத்துலேர்ந்து இங்க ஒரே வழக்கம்தாம்மா. தின்னா, ருசி சொல்லிட்டுப் போவணும். நல்லாயில்லன்னாலும் சொல்லணும். எங்க சரக்க நாங்களே தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சு."

அந்த முணுமுணுப்பு அதுதானா?

"சொல்லு, வெல்லம் எப்படி?" தேவநாதன் விடவில்லை.

"உப்புக் கரிக்குதுண்ணே."

தேவநாதன் முகம் சுண்டியது. ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். "இதத்தான் இப்ப அந்தத் தம்பியும் சொல்லிட்டுப் போச்சு" என்று கை காட்டினார்.

ஜஸ்டின் பத்தடி தள்ளி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முக்காடு எப்போதோ நழுவியிருந்தது.

கிட்டே வந்தான். "என் பின்னாலயேதான் வந்தீங்களா?"

இனி மறைத்து என்ன? "ஆமா. நீங்க கஞ்சன்னு சொன்னாங்க."

"யாரு?"

"தர்மராஜ் மாமா."

"அவுரா!" என்று வெடித்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் அடங்கியது.

"எங்கக்கா படற பாடு எனக்குத் தெரியும்" என்றாள். "மூணு வருசமா ஏன் எதுவும் வாங்கல? உண்மையச் சொல்லுங்க."

ஜஸ்டின் கையிலிருந்த மாவைத் தட்டினான். "அம்மா செத்து மூணு வருசம் ஆவுது. வூட்டுல நானும் நாலு செவுரும்தான். கட்டி எடுத்துக்கினு போயி யாரோட திங்கறது? இங்கயே நின்னா பேச்சுத் துணைக்கு நாலு பேரு இருக்காங்க." அவள் முகத்தைப் பார்த்தான். "பயமா இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க. வேணாம்னது நான்தான்னு ஃபாதர்கிட்ட சொல்லிடறேன். உங்க பேரு கெடக்கூடாது."

அவள் செல்போன் ஒரு தடவை ஒலித்து அடங்கியது. அம்மா. இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்த்தான் ஆக வேண்டும். தர்மராஜாக இருந்திருந்தால் பாதிச் சுளையைப் பிய்த்து இன்னொருத்தன் வாயில் வைத்திருப்பாரா? அந்த ஒரு கேள்வியையே மனசு சுற்றிச் சுற்றி வந்தது.

"நாளைக்கு ஓலைய வாசிக்கட்டும்" என்றாள். "ஆனா, தடை இருந்தா சொல்லுங்கன்னு ஃபாதர் நிறுத்துவாரில்ல, அதுவரைக்கும் எனக்கு டைம் இருக்குது."

"அதுவரைக்கும்?"

"இன்னும் ஒரு வரிசை பாக்கி இருக்குதே. வாங்க. இந்தத் தடவ நீங்க சொல்றது என் காதுலயும் விழணும்."