கடைமடை வயலுக்குப் போன தண்ணீர்

அன்று பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். கணக்கு வாத்தியார் யேசுரத்தினம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அஸ்வதி, பெனின், என் பேத்தி ராஜி, அஸ்வதியின் தகப்பன் கணபதியப்பன், நான். ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஜன்னல் சாத்தியிருந்தது.

பிள்ளைகள் மூவரும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டுக்குள் எங்கள் ஊரைக் கட்டியிருந்தார்கள். குளம், மடை, ஓடை, வயல் எல்லாம் சின்னச் சின்னக் கட்டைகளால். மடையைத் திறந்தால் கடைசி வயல்வரை தண்ணீர் போக வேண்டும், அதுதான் பாடம். எதைக் கட்டவும் இடிக்கவும் மூன்று பேரும் தனித்தனியாகச் சம்மதப் பொத்தானை அமுக்க வேண்டுமாம். சனிக்கிழமை நாகர்கோவிலில் கண்காட்சி. அதற்கு முன் ஊரில் இரண்டு பேருக்குக் காட்டலாம் என்று வாத்தியார் அழைத்திருந்தார். என்னைக் கூப்பிடச் சொன்னது ராஜிதான்.

"மொதல்ல தண்ணி பாதியிலயே நின்னுச்சு பாட்டா," என்றான் பெனின். "அஸ்வதி ஓடைய தப்பா வெட்டிட்டான்னு மூணு நாளு ஏசினோம்."

"நாங்க இல்ல, இவன்தான் ஏசினான்," என்றாள் அஸ்வதி. "மம்பட்டி பிடிக்கத் தெரியாத மகாராணின்னான்."

மூன்றும் சிரித்தன.

ராஜி என் பீரோவிலிருந்து, ஊர் நிலங்களை அளந்து வரைந்த பழைய புலப்படத்தை எடுத்து வந்து ஒப்பிட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறாள்.

"ஓடை நம்ம மண்டபத்துக்கு அடியிலயாக்கும் போவுது பாட்டா. பந்தி நடக்குத எடம் இருக்குல்லா, அதுக்கு அடியில. அதான் தண்ணி நின்னுச்சு. இப்ப நாங்க அடியில கொழா போட்டாச்சு. பாருங்க."

மடையைத் திறந்தாள். நீலத் தண்ணீர் எங்கள் கல்யாண மண்டபத்துக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் வந்து, கடைசி வயலில் ஏறியது. வயல் பச்சையானது. அது கணபதியப்பனின் வயல். நிஜத்தில் அதில் பன்னிரண்டு வருடமாக நடவு இல்லை.

கணபதியப்பன் திரையருகே குனிந்தார். "நம்ம வயலா மக்கா இது?" என்று மகளிடம் கேட்டார்.

அந்த மண்டபத்துக்கு என் தாயார் உலகம்மாளின் பெயர். பிள்ளைகள் திரையிலும் அதை எழுதியிருந்தார்கள். நான் கட்டியபோது ஓடையில் மூன்று வருடமாகத் தண்ணீர் இல்லை. யாரும் தடை சொல்லவும் இல்லை. குழாய் போட்டால் அங்கே ஓடை இருந்ததை நாங்களே ஒப்புக்கொண்டதாகும். நாகர்கோவிலில் நூறு பேர் முன்னால், ஓடையை அடைத்த கட்டிடத்தின் நெற்றியில் என் தாயார் பெயர் தெரியும்.

"அழி," என்றேன்.

"அய்யா, பிள்ளையளுக்க ரெண்டு மாச வேலை," என்றார் வாத்தியார்.

"எங்க வீட்டுப் பேரு அதுல இருக்கு சார்."

"பேர மட்டும் எடுத்திருதேன் பாட்டா," என்றாள் ராஜி.

"பேரு இல்லேன்னா யாருக்க மண்டபம்னு ஊருக்குத் தெரியாதா?"

கணபதியப்பன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "அண்ணாச்சி, நான் ஒண்ணும் கேக்கல்ல. வெளையாட்டுதான? பிள்ளையள விட்டிருங்க."

நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

ராஜி முதலில் அமுக்கினாள். அஸ்வதி தகப்பனைப் பார்த்தாள், அவர் சுவரைப் பார்த்தார், அவளும் அமுக்கினாள். பெனின் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் மாட்டேன். வேணும்னா அடிச்சுக்கிடுங்க."

"அமுக்குலே," என்றாள் ராஜி. "நான் அந்த வீட்டுலதான் இருக்கணும்."

அமுக்கினான். குளம் முதலில் போனது. கடைசியாக வயல்.

சனிக்கிழமை அவர்கள் நாகர்கோவிலுக்குப் போகவில்லை. புலப்படத்தை ராஜி பழைய மடிப்பிலேயே மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தானாக ஒன்றும் சொல்வதில்லை. ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மற்ற இருவரும் இப்போது வருவதில்லை. வகுப்பில் அவள் தனி பெஞ்சில் இருப்பதாக வாத்தியார் சொன்னார். கணபதியப்பன் மட்டும் வழியில் கண்டால் முன்போலவே தோளிலிருந்து துண்டை எடுக்கிறார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அவர் வயல் கிடந்தபடியே கிடக்கிறது.

கரண்ட் போனதால் பிள்ளைகளின் வேலை அழிந்துவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். எங்கள்மேல் மதிப்புள்ளவர்கள் கிளப்பிய பேச்சாக இருக்கலாம். எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பொய் வேண்டாம். அன்று கரண்ட் போகவில்லை. அழிக்கச் சொன்னது நான்.