காக்கிச் சட்டையின் சூடு

வேலைக்குப் போகாத பதினோராவது நாளும் லீமா காக்கிச் சட்டையை வெந்நீர் அண்டாவின் மூடிமேல் விரித்து வைத்திருந்தாள். செபாஸ்டின் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தான்களைப் பூட்டாமல் அடுப்படி வாசலிலேயே நின்றான். சட்டை சூடாகத்தான் இருந்தது. முதுகில் தெரிந்தது, தோளில் தெரிந்தது. அவ்வளவுதான். அவன் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். சூடு ஆறியது. கழற்றி மறுபடியும் அண்டாமேல் போட்டுவிட்டு வெளியே போனான். தகரக் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஏரிப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. உடனே உள்ளே வந்தான். உட்கார்ந்தான். எழுந்தான். ஜன்னல் கொக்கியைப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தான்.

அவன் மனைவி லீமா, மிஷன் பள்ளிக்கூட விடுதியில் ஆயாவாக இருந்தாள். ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும். தலையை முடிந்துகொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கெழம பூசைக்கு சாமியார்ட்ட சொல்லியாச்சுங்க. நன்றிப் பூசை. நீங்க முன்னால வந்து ரெண்டு வார்த்த பேசணும்னாரு."

"என்னத்தப் பேச?"

"நடந்ததச் சொல்லுங்க. அந்தப் பொம்பளைய விட்டுட்டு வராம கூடவே இருந்தீங்கல்ல, அதச் சொன்னாப் போதும்."

 அவள் செருப்பை மாட்டும்போது அவன் பின்னாலேயே போய், இத்தனை வருஷமாகச் சட்டையைச் சூடுபண்ணித் தருகிறாளே, அதற்கு ஒரு நாளும் தான் ஒன்றும் சொன்னதில்லையே என்று முனகினான். லீமா அவன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. ஆனாலும் பயந்துபோனவளாகத்தான் படியிறங்கினாள்.

எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி அது. இரண்டு வாரம் விடாமல் பெய்த மழையில் மலைப் பாதையின் ஓரங்கள் ஊறிக் கிடந்தன. கூக்கால் என்ற மலைக் கிராமத்திலிருந்து காலையில் கொடைக்கானலுக்குக் கிளம்பும் பஸ்ஸில் செபாஸ்டின் கண்டக்டர், குருநாதன் டிரைவர். ஒன்பது வருஷமாக ஒரே வண்டியில் இருப்பவர்கள். விபத்து நடந்த அன்றைக்கு முப்பத்திரண்டு பேர் ஏறியிருந்தார்கள். கூரையில் பூண்டு மூட்டைகள், போதாததற்கு உள்ளேயும் ஏழெட்டு மூட்டைகள். ஊரைத் தாண்டி நான்காவது வளைவில் மூடுபனிக்குள் திரும்பும்போது இடது பின்சக்கரத்தின் அடியில் இருந்த மண் அப்படியே கழன்று போனது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பஸ் பின்பக்கமாகச் சாய்ந்து, சரிவில் நின்ற ஒரு தைல மரத்தில் முட்டி நின்றது. இரண்டு படிக்கட்டுகளும் பள்ளத்தின் பக்கம். கதவைத் திறந்தால் கீழே வெள்ளையாகப் பனிதான். இறங்க ஒரே வழி டிரைவர் கதவு. குருநாதன் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்க, அவர் மடியை மிதித்து, தோளைப் பிடித்து, ஒவ்வொருவராக வெளியே போனார்கள். ஒவ்வொருத்தர் இறங்கும்போதும் வண்டி ஒரு தடவை முனகியது.

கடைசி வரிசையில் சின்னத்தாயி இருந்தாள். கூக்கால்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும், வாரம் ஒருமுறை சந்தைக்குப் பூண்டு கொண்டுபோகிறவள். சரிந்து வந்த மூட்டைகள் அவள் காலைச் சீட்டின் இரும்புக்கு அடியில் வைத்து அழுத்திவிட்டன. செபாஸ்டின் அவள் பக்கத்தில் இருந்தான். எல்லோரும் இறங்கி, பூண்டுத் தோட்டத்து ஆட்கள் வடத்தையும் கடப்பாரையையும் கொண்டுவந்து, வண்டியை மேல்பக்கத்து மரத்தோடு கட்டி, அவள் காலை எடுத்துவிடும்வரை நாற்பது நிமிஷம் அவன் அங்கேயே இருந்தான். அதைத்தான் ஊர் முழுக்கப் பேசினார்கள். பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டார்கள். திண்டுக்கல்லில் டீச்சர் டிரெயினிங் படிக்கும் மகள் செல்வமேரி, அப்பாவை நினைத்துப் பெருமையாக இருக்கிறது என்று கடிதம் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை அவன் ஒரு தடவைக்குமேல் படிக்கவில்லை.

அவனுக்கு மட்டும் தெரிந்த சங்கதி வேறு. அவன் அவளுக்காக இருக்கவில்லை. எழுந்திரிக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே உடம்பு அவனுடையதாக இல்லை. இன்னொன்றும் உண்டு, அதுதான் பெரிது. அந்த நாற்பது நிமிஷத்தில் அவன் ஆண்டவரை நினைக்கவில்லை. லீமாவின் முகமோ மகளின் முகமோ வரவில்லை. வந்தது சட்டை. விடியற்காலையில் வெடவெடத்துக்கொண்டு நிற்கும்போது அண்டாமேலிருந்து எடுத்துப் போட்டதும் முதுகெலும்போடு இறங்குமே ஒரு சூடு, அது. அப்புறம் பூம்பாறையில் வண்டி நிற்கும்போது இன்ஜின் மூடியின்மேல் இரண்டு நிமிஷம் உட்காருவது. கண்ணாடியில் படிந்த பனியை உள்ளங்கையால் துடைத்ததும் வட்டமாகத் தெரியும் பாத்திகள், அதில் குனிந்திருக்கும் நாலு பேர். அலாவுதீன் கடை டீயில் பன்னை முக்கி, அது ஒடிந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்வது. ஒவ்வொன்றாக வந்தன, ஈரத்தில் கழுவி வைத்ததுபோல. இவ்வளவும் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்ததா என்று மலைத்துப்போனான். பயத்தைவிட அதுதான் அதிகமாக இருந்தது.

வெளியே வந்த பிறகு ஒன்றுமே இல்லை. அதுதான் அவனை உட்கார விடவில்லை. மறுநாள் அலாவுதீன் கடைக்குப் போய் டீ வாங்கி, பன்னை முக்கிப் பார்த்தான். பன் பன்னாக இருந்தது. இன்னொன்று கேட்டான். அலாவுதீன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தந்தார். ஏரியை இரண்டு சுற்று நடந்தான். மாதா கோவிலுக்குப் போய் முழங்காலிட்டு, பாதி ஜெபத்தில் எழுந்து வந்தான். தொலைத்த இடம் தெரிந்தும் பொருள் கிடைக்காதவன்போலக் கொடைக்கானல் முழுக்கத் திரிந்தான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எழுந்து நின்று என்ன சொல்வது? என் மகளை நான் நினைக்கவில்லை, ஒரு சட்டையை நினைத்தேன் என்றா?

பதினோராவது நாளான அன்று காலை லீமா போன பிறகு அவன் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். சின்னத்தாயியிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டால் பூசையில் பேசாமல் இருப்பதற்கு ஒரு நியாயம் கிடைக்கும் என்று தோன்றியது. கூக்கால் பஸ்ஸில் குருநாதன் இருந்தார். சம்பவம் நடந்த மூன்றாம் நாளே அவர் வண்டி எடுத்துவிட்டார். தற்காலிகக் கண்டக்டராக நல்லுசாமி என்று ஒரு புதுப் பையனைப் போட்டிருந்தார்கள். செபாஸ்டின் ஒரு பயணியைப்போல நடுவில் உட்கார்ந்தான். பூம்பாறைவரை ஒன்றுமில்லை. கூக்கால் நெருங்க நெருங்க முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். போகும்போது வண்டி மலையை ஒட்டித்தான் போகும், பள்ளம் எதிர்ப்பக்கம். அது தெரிந்தும் வளைவுக்கு முன்னால் எழுந்துவிட்டான்.

குருநாதன் ஒன்றும் கேட்காமல் நிறுத்தினார். செபாஸ்டின் இறங்கி அந்த வளைவை நடந்து கடந்தான். சரிந்த இடத்தில் கல்லடுக்கிப் புதுமண் போட்டிருந்தார்கள். அப்பால் பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. உள்ளே ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவன் ஏறியதும் குருநாதன் திரும்பாமலே சொன்னார்: "எனக்கு ராத்திரியில கால் பிரேக்க மிதிக்கிதுப்பா. பொண்டாட்டி கீழ படுத்துக்கிட்டா."

சின்னத்தாயி மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் பூண்டை அதன் காய்ந்த தாளோடு சேர்த்துக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. புருஷன் தோட்டத்துக்குப் போயிருக்கிறார், கட்டுகளைப் பரணில் தொங்கவிட ஆளில்லாமல் கிடக்கிறேன், அந்த ஏணியில் ஏறித் தந்தால் புண்ணியமாகப் போகும் என்றாள். அவன் ஏறினான். அடுப்புப் புகை எழும்பிப் போய்ப் பூண்டில் படிகிற மாதிரி மூங்கில்கள் கட்டியிருந்தார்கள். கண் எரிந்தது. அவள் கீழிருந்து ஒவ்வொரு கட்டாக நீட்ட, அவன் வாங்கி வாங்கி மாட்டினான். முகம் பார்க்காமல் பேசுவதற்கு அது வசதியாக இருந்தது.

"ஒனக்காக நான் இருக்கலம்மா அன்னிக்கு. எந்திரிக்க வரல. பயத்துல ஒறஞ்சு போயிட்டேன். ஊர்ல வேற மாதிரி பேசுறாங்க."

கீழே அவள் கையிலிருந்த கட்டை மடியில் வைத்தாள். பிறகு அவள் ரவிக்கையின் இடது கையை மேலே ஏற்றிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே நாலு விரல் அச்சு, பச்சையும் மஞ்சளுமாக.

"எனக்குத் தெரியாதாக்கும். இது நீங்க புடிச்ச புடி. அவ்வளவு வலி."

"சொல்லிருக்கலாம்ல."

"சொல்லல. சொல்லி, நீங்க கைய விட்டுட்டா?"

அவன் ஏணியிலேயே நின்றான். அவள் அடுத்த கட்டை நீட்டினாள். அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா என்று அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாளாம். மூடாமல் வந்துவிட்டாளாம். பக்கத்து வீட்டு நாய் வந்திருக்கும், சட்டியை உருட்டியிருக்கும், ரெண்டு வாய் தின்றுவிட்டாவது வந்திருக்கலாம் என்று அதே நினைப்பாக இருந்ததாம். பிள்ளைகள் இரண்டும் அந்த வீட்டில்தான் இருந்தன, அதுகளை நினைக்கவில்லை என்று சொல்லும்போது அவள் குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. "வீட்டுக்கு வந்து பார்த்தா, புருசன் எல்லாத்தையும் வழிச்சுத் தின்னுட்டாரு."

செபாஸ்டினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏணி ஆடியது. சிரித்து முடித்ததும் சட்டையைப் பற்றிச் சொன்னான். அண்டா, மூடி, லீமா, விடியற்காலை என்று எல்லாவற்றையும். யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறோம் என்பதே சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

சின்னத்தாயி கையை நிறுத்திவிட்டு யோசித்தாள். கூக்கால் குளிரில் பிறந்து வளர்ந்தவள்.

"நல்லாச் சூடு இருக்குமோ?" என்று கேட்டாள்.

"இருக்கும்."

"குடுத்து வச்சவுகதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டுக்குத் தாளை முறுக்கினாள்.

மூன்று மணி பஸ்ஸுக்கு அவன் கிளம்பும்போது கைகள் புகையும் பூண்டுமாக நாறின. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சொல்வது என்பது அப்போதும் தெரியவில்லை. நெஞ்சின் படபடப்பும் போய்விடவில்லை. பஸ்ஸில் நல்ல கூட்டம். திரும்பும்போது வண்டி பள்ளத்தை ஒட்டிப் போகும். இடம் கிடைத்ததோ இடது பக்க ஜன்னலோரம். அடுத்து ஏறிய ஒரு பெரியவர், கையில் மூன்று கோழிகளும் ஒரு சாக்கும் வைத்துக்கொண்டு தடுமாறி, செத்த நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கோழியை அவன் மடியில் இறக்கிவிட்டு முன்னால் நகர்ந்தார். கால் கட்டிய செவலைக் கோழி. முதலில் படபடத்தது, பிறகு அடங்கியது. எங்கே நழுவிவிடுமோ என்று செபாஸ்டின் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டான். இறகுக்குள் விரல் போனது. உள்ளே அவ்வளவு கதகதப்பு. அதன் சின்ன நெஞ்சு அவன் உள்ளங்கையில் வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது, அவனுடையதைவிட வேகமாக.

வளைவுக்கு முன்னால் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பனி மேலேறிக்கொண்டிருந்தது. குருநாதன் இன்ஜினை அணைக்காமல் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். விசிலை உதட்டில் வைத்தபடி நல்லுசாமியும் பார்த்தான். கூட்டத்தில் வழிவிட ஒன்றிரண்டு பேர் காலை ஒடுக்கிக்கொண்டார்கள். செபாஸ்டின் எழாமல் குனிந்து மடியைப் பார்த்தான். கோழி ஒரு கண்ணை மட்டும் திறந்து, மெல்ல, கீழிருந்து மேலாக அதை மூடிக்கொண்டது.