எல்லோருக்கும் எழுபத்திரண்டு

"இந்தச் செவத்துக்கு எவம்மா மஞ்சப் பெயிண்டு அடிச்சான்?" என்று கேட்டார் கிருபைராஜ் சார்.

பாளையங்கோட்டையில் அந்த நாற்பது படுக்கை ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வார்டில் அவர் படுத்து இது ஐந்தாவது நாள். மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது என்று வெள்ளிக்கிழமை அதிகாலை சேர்த்தார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்பதால் வடியாதது ஒன்றும் இருந்தது. எதைப் பார்த்தாலும் அதில் பிழை கண்டுபிடித்து ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பார். செவிலியர் ஜெமிமா அவர் சொன்ன சுவரைப் பார்த்தாள். போன வாரம்தான் அடித்த வெள்ளை. கண் கூசியது.

வாசலில் நின்றிருந்த சிவசண்முகத்தின் காதிலும் அது விழுந்துவிட்டது. சிவசண்முகம் ஆஸ்பத்திரியின் தர மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர். மூன்று மாதத்துக்கு முன்புவரை கல்யாண மண்டபம் ஒன்றின் மேலாளர். அன்று பதினோரு மணிக்குத் தரச்சான்று கொடுக்கும் ஆய்வுக்குழு வருகிறது. அவருக்கு அதுவும் ஒரு முகூர்த்தம்தான். கீழே வரவேற்பறையில் பன்னீர்ச் செம்பு வைத்தாகிவிட்டது. லிஃப்டை வேறு யாரும் தொடக்கூடாது என்று காலையிலிருந்தே தரைத்தளத்தில் கதவைத் திறந்து நிறுத்தியிருந்தார். இந்த நேரத்தில் சுவர் மஞ்சள் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நெஞ்சு அடைக்காதா? மாடிப்படியில் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருந்த பேட்டை யஹ்யாவைத் தூரிகையோடு வரவழைத்தார்.

"அண்ணாச்சி, இது வெள்ளைதான். டப்பாவுலயே பால் வெள்ளைன்னு போட்டிருக்கு" என்றார் யஹ்யா.

"டப்பாவுல எழுதிட்டா ஆச்சா வே?" படுக்கையிலிருந்து குரல் வந்தது. "முப்பத்தாறு வருசம் சாக்பீஸ் பிடிச்சவன் நான். எனக்கு வெள்ளை தெரியாதா?"

யஹ்யா சுவரைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். "அப்ப என் சட்டை என்ன நெறம் சார்?"

"அதுவும் மஞ்சத்தான்."

"காலையில வெள்ளையாத்தான் போட்டுட்டு வந்தேன்" என்று யஹ்யா பைய நழுவினார்.

விஷயம் அத்தோடு சிரிப்பாகப் போயிருக்கும். ஆனால் ஜெமிமாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று புரியாவிட்டால் விடமாட்டாள். நர்சிங் கல்லூரியில் கடைசி மணி அடிக்கும் நேரத்தில் கை தூக்கிக் கேள்வி கேட்டு வகுப்பு முழுவதையும் பஸ்ஸைத் தவறவிட வைத்தவள். சாரின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். காமாலை இல்லை. கண் வெள்ளையாக இருக்கிறது, கண் பார்ப்பது மட்டும் மஞ்சளாக இருக்கிறது. இது எப்படி?

பக்கத்து ஸ்டூலில் தட்டோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி யூனிஸ் அலுத்துக்கொண்டார். "இட்லியையும் மஞ்சங்காக. மஞ்சப்பொடி போட்டா அவிச்சிருக்கேங்காக. மூணு நாளா ஒண்ணும் எறங்க மாட்டக்கு. வாயில வச்சா ஓங்கரிக்காக."

சாப்பாடு இறங்கவில்லை, குமட்டல், மஞ்சள். இந்த மூன்றையும் எங்கேயோ ஒரே வரியில் பார்த்திருக்கிறோமே என்று ஜெமிமாவுக்கு உறுத்தியது.

அது தினமும் அவள் தலைக்கு மேலேயே தொங்குவதுதான். செவிலியர் மேசைக்குப் பின்னால், 'அடிக்கடி தரப்படும் மருந்துகள்: செவிலியர் அறிய வேண்டியவை' என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்ட அகலமான பலகை. கண்ணாடிச் சட்டம், தங்க நிற விளிம்பு. சென்ற வாரம் அதற்குத் திறப்பு விழா நடந்தது. ஆஸ்பத்திரியின் தலைவர் ரிப்பன் வெட்டி, அறிவே செவிலியரின் ஆபரணம் என்று நாற்பது நிமிடம் பேசினார். செவிலியர்கள் நின்றபடி கேட்டார்கள். புகைப்படத்தில் எல்லோர் தலைக்கும் மேலே தெரிய வேண்டும் என்பதற்காகப் பலகையை எட்டடி உயரத்தில் மாட்டியிருந்தார்கள். எழுத்தோ எறும்பு அளவு. அன்றிலிருந்து அதை யாரும் படித்ததில்லை. படிக்க முடியாது.

ஜெமிமா ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள்.

ஏறிய பிறகு, தேடி வந்ததைக்கூட ஒரு நிமிடம் மறந்துவிட்டாள். இரண்டாம் ஆண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்காக உருப்போட்டு, மறுநாளே உதிர்த்த வரிகள்தான். இப்போது ஒவ்வொரு வரியிலும் வார்டிலிருந்து ஓர் ஆள் எழுந்து உட்கார்ந்தார். எனலாப்ரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்று மூன்றாம் வரி சொன்னது. ஒன்பதாம் படுக்கைக்காரர் அந்த மாத்திரையைத்தான் விழுங்குகிறார். அவர் இருமலுக்கு நான்கு நாளாக இருமல் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ஈறில் இரத்தம் வருகிறதா என்று கேட்கச் சொன்னது இன்னொரு வரி. ஆறாம் படுக்கை அம்மாளிடம் யார் கேட்டார்கள்? பன்னிரண்டாம் வரிக்கு வந்தபோது அவள் விரல் கண்ணாடியில் நின்றது. டிகாக்சின். இதயத்துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரை. கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணுக. அறுபதுக்குக் கீழே என்றால் கொடுக்காமல் மருத்துவரிடம் சொல்க. அளவு மீறினால் பசியின்மை, குமட்டல், பொருள்கள் மஞ்சளாகத் தெரிதல். கவனிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து.

"எறங்கும்மா!" என்று கீழிருந்து அலறினார் சிவசண்முகம். "கண்ணாடியெல்லாம் வெரல் ரேகை! அது படிக்கதுக்கு மாட்டல. வாரவுக பாக்கதுக்கு மாட்டியிருக்கு."

ஜெமிமா இறங்கி நேராகக் கிருபைராஜ் சாரிடம் போனாள். ஸ்டெதஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்து, கைக்கடிகாரத்தின் விநாடி முள் பன்னிரண்டைத் தாண்டும்போது எண்ணத் தொடங்கினாள். முழு வட்டம் முடிந்தபோது எண்ணிக்கை நாற்பத்து நான்கில் நின்றது. இன்னொரு முறை எண்ணினாள். அதே நாற்பத்து நான்கு.

சாரின் மருத்துவக் கோப்பை எடுத்துப் புரட்டினாள். துடிப்புக்கான கட்டத்தில் வெள்ளிக்கிழமை எழுபத்திரண்டு, சனிக்கிழமை எழுபத்திரண்டு, இன்று காலை ஆறு மணிக்கும் எழுபத்திரண்டு.

அந்த வார்டின் வழக்கம் அது. யாராக இருந்தாலும் எழுபத்திரண்டு. இருபத்திரண்டு நோயாளிகளுக்கு இரண்டு செவிலியர். ஆளுக்கு ஒரு நிமிடம் எண்ணினால் மருந்து கொடுப்பது எப்போது, ஊசி போடுவது எப்போது? வேலைக்குச் சேர்ந்த அன்று மூத்தவள் தேன்மொழிதான் சொல்லிக்கொடுத்தாள். "காச்சலடிச்சா எண்பத்திரண்டு போடு. இல்லாட்டி எழுபத்திரண்டு. யாரும் கேக்க மாட்டாக." யாரும் கேட்கவில்லை. மாடியேறி மூச்சிரைக்க வந்தவருக்கும் எழுபத்திரண்டு, தூங்கியவருக்கும் எழுபத்திரண்டு. போன மாதம் இறந்துபோன ஒருவருக்குக்கூட, போவதற்குக் கால் மணி நேரம் முன்புவரை எழுபத்திரண்டு இருந்தது. சாரின் கோப்பில் இருந்த இருபத்தோரு எழுபத்திரண்டுகளில் எட்டு ஜெமிமாவின் கையெழுத்து. இன்று காலையதும் அவளுடையது. அதை எழுதிவிட்டுத்தான் ஏழு மணிக்கு அந்த டிகாக்சின் மாத்திரையைச் சின்னக் காகிதக் கப்பில் போட்டுக் கொடுத்தாள்.

ஆனாலும் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையில் இவ்வளவு இறங்குமா? அந்தக் கேள்வியும் அவளை விடவில்லை.

"அம்மா, வீட்டு மாத்திரை ஏதும் சாருக்குக் குடுக்கீங்களா?"

யூனிஸ் பைபிளுக்கு அடியிலிருந்து ரோஸ் நிற டப்பாவை எடுத்தார். ஏழு நாளுக்கு ஏழு அறை. "பின்ன குடுக்காம? காலை ஜெபம் முடிச்சதும் குடுத்துருவேன். பன்னெண்டு வருசமா இதுதான் அவுக நெஞ்ச ஓட்டுது. நீங்க கப்புல உருட்டிவிடுதியளே, அது என்னன்னு யாரு கண்டா? அதுக்காவ இத நிறுத்த முடியுமா?" அப்புறம், தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று சேர்த்துக்கொண்டார். "சனி, ஞாயிறு மட்டும் குடுக்கதில்ல. டாக்டரு லீவு விடச் சொல்லியிருக்காரு."

தலைமையாசிரியர் வீட்டு மாத்திரைக்கு வாரத்தில் ஐந்து நாள்தான் வேலை. அது வார்டுக்கு வந்தபின் விடுமுறை ரத்தானது. அது போதாதென்று மற்ற நாட்களில் இரண்டு முறை பள்ளிக்கூடம். கோப்பின் முதல் பக்கத்தில், 'வீட்டு மருந்துகள் பெறப்பட்டு மருந்தகத்தில் ஒப்படைக்கப்பட்டன' என்ற வரிக்கு எதிரே அழகான ஒரு டிக் இருந்தது.

ஜெமிமா போன் செய்ததும் ட்யூட்டி டாக்டர் படியேறி ஓடி வந்தார். ஈசிஜி எடுத்தார், இரத்தம் எடுத்து அனுப்பினார், டப்பாவில் இருந்ததும் அதே டிகாக்சின்தான் என்று பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். "உடனே கீழ ஐசியூவுக்கு மாத்தணும். நான் போயி பெட் ரெடி பண்ணுதேன். லிஃப்ட் வர்றவரைக்கும் அஞ்சு நிமிசத்துக்கொரு தடவ எண்ணி எழுதும்மா. எறங்குச்சுன்னா என்னைக் கூப்பிடு." மணி பத்தேமுக்கால்.

ஜெமிமா கோப்பையும் பேனாவையும் எடுத்தபோது சிவசண்முகத்தின் கை அதன் மேல் விழுந்தது.

"இதுல எழுதாத."

"ஏன் சார்?"

"ஆய்வுக்குக் காட்டதுக்கு நான் எடுத்து வச்சிருக்க ஃபைலு இதான். இருக்கதுலயே இதுதான் சுத்தம், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது." அவர் குரல் இறங்கிக் கெஞ்சலுக்கு வந்தது. "வைத்தியம் பாக்க வேண்டாம்னா சொல்லுதேன்? நல்லா பாரு. எழுத மட்டும் செய்யாத. அவுக போனப்புறம் சாயங்காலமா எழுதிக்கோ. இருபத்தோரு எழுபத்திரண்டுக்கு அடியில ஒரு நாப்பத்தி நாலு இருந்தா, மேல இருக்கது என்னன்னு கேக்க மாட்டாகளா?"

"கேப்பாக சார்."

"ஓன் கையெழுத்தும் அதுல இருக்கும்மா. ஓன் சர்ட்டிபிகேட் பூரா எங்க பீரோவுல இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

தேன்மொழி அவள் தோளைத் தொட்டாள். "ஏட்டி, வாயில சொல்லி அனுப்பினா போதாதா? எதுக்கு வம்பு?"

போதுமா என்று ஜெமிமா யோசித்துப் பார்த்தாள். கீழே ஐசியூவில் இந்தக் கோப்பைத் திறப்பவள் எழுபத்திரண்டைத்தான் பார்ப்பாள். வாயில் சொன்னது காதோடு போகும். எழுபத்திரண்டு துடிக்கும் நெஞ்சுக்கு மாத்திரை கொடுக்கலாம் என்று பன்னிரண்டாம் வரியே அனுமதிக்கிறது. எழுதாவிட்டால் அது மறுபடியும் சின்னக் கப்பில் உருளும்.

சிவசண்முகத்தின் கையைப் பைய விலக்கினாள். நாற்பத்து நான்கு என்று எழுதினாள். பக்கத்தில் நேரம், டிகாக்சின் நிறுத்தம், டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது, வீட்டு மாத்திரையும் சேர்த்து இரண்டு முறை. கட்டம் போதவில்லை. ஓரத்தில் இறங்கி, மடங்கி, அந்தச் சுத்தமான பக்கத்தின் அடிவரைக்கும் எழுத்து போயிற்று. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் நாற்பத்து நான்கு. சிவசண்முகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சக்கரக் கட்டிலைத் தள்ளி லிஃப்ட் வாசலில் நிறுத்தினார்கள். தேன்மொழி பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில் லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. உள்ளே பன்னீர் மணக்க, வெள்ளைக் கோட்டில் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

முன்னால் நின்ற கண்ணாடி போட்ட அம்மாள் வெளியே வந்ததும் கட்டிலைப் பார்த்தார், நோயாளியின் காலருகே கிடந்த கோப்பைப் பார்த்தார். எடுத்துத் திறந்தார். அவர் விரல் கட்டங்களின் வழியே மேலிருந்து கீழே வந்தது. எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்று வழுக்கிக்கொண்டு வந்த விரல் கடைசி இரண்டு கட்டத்தில் தட்டி நின்றது.

"இதுல எதும்மா நிஜம்?"

சிவசண்முகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெமிமா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

"ஒரு நிமிசம் மேடம்" என்றாள். கட்டிலோடு லிஃப்டுக்குள் நுழைந்துகொண்டே ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். அந்த அம்மாளும் கோப்போடு கூடவே உள்ளே வந்துவிட்டார். கதவு மூடுவதற்குள் சிவசண்முகமும் பக்கவாட்டில் நுழைந்து, பன்னீர்ச் செம்பைப் பிடிப்பதுபோல வெறுங்கையைக் குவித்தபடி நின்றார். லிஃப்ட் இறங்கியது.

கிருபைராஜ் சார் நிமிர்ந்து அந்த அம்மாளின் கோட்டைப் பார்த்தார். "இவுகளும் மஞ்சளாத்தான் வந்திருக்காக" என்றார்.

கோட்டுக்காரம்மாள் தன்னையறியாமல் குனிந்து தன் கோட்டைப் பார்த்துக்கொண்டார்.

ஜெமிமாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை. நாற்பத்து இரண்டு. நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு. நாற்பத்து ஐந்து. முள் பன்னிரண்டைத் தொட இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.