அவன் மாதிரி வரல

என் தொழில் சுருக்கம் எடுப்பது. இஸ்திரி போடுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள்; இஸ்திரிக்காரர் கையிலாவது கொஞ்சம் சூடு இருக்கும். நான் இணையத்தில் துணி விற்கும் கம்பெனியில், படத்தில் இருக்கும் சட்டையின் கசங்கலை கம்ப்யூட்டரில் அழிப்பவன். பன்னிரண்டு வருஷமாக. மாதம் ஒருமுறை அதே சட்டையின் பட்டன் நிறத்தை மாற்றி 'புது வரவு' என்று போடுவதும் நான்தான்.

நான் மாற்றும் ஒவ்வொரு பட்டனையும் விடாமல் வாங்குகிறவன் என் சகலை, மச்சினியின் புருஷன். வாங்கிய கையோடு குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போடுவான். என் மனைவி அதைப் பெரிதாக்கிப் பார்ப்பாள்.

"தங்கச்சி வீட்டுக்காரர் எதப் போட்டாலும் எடுப்பா இருக்கு, இல்ல?"

கேட்பது என்னிடமே. அவள் வாயால் எடுப்பு என்று கடைசியாகப் பேர் வாங்கியது, எங்கள் வீட்டு ஜன்னல் திரை. எனக்கு வயிறு எரியாதா?

போன ஞாயிறு மாமியார் வீட்டில் எல்லோருமாகப் படம் எடுத்துக்கொண்டோம். "மாப்ளே, உங்க கையால கொஞ்சம் அழகு பண்ணிக் குடுங்க. பெருசா மாட்டணும்" என்றார் மாமியார். வாய்ப்பு தானாக வந்து மடியில் விழுந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் படத்தைத் திறந்தேன். சகலைக்கு நாலு கசங்கல், ஒரு குட்டித் தொப்பை. அவ்வளவுதான் திட்டம். ஆனால் கசங்கலைப் போடுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லையே! கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. தோள் மடிப்பு போனது. காலர் நிமிர்ந்தது. இடுப்பு அரை அங்குலம் உள்ளே போனது.

"யார் சார் இது, புது மாடலா?" என்று மேனேஜர் பின்னாலிருந்து கேட்டபோதுதான் விழித்தேன். அதற்குள் மாமியார் பிரிண்ட் கடையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். அனுப்பித் தொலைத்தேன்.

மாமியார் வீட்டுச் சுவரில் சகலை ராஜா மாதிரி நிற்கிறான். பக்கத்தில் நான், துவைத்துப் பிழிந்து உதற மறந்த மாதிரி. மனைவி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். அவள் பார்வை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே நானும் நின்றேன்.

இரண்டு நாள் கழித்து சகலை போன் செய்தான்.

"அண்ணே, அந்தப் படத்துல நான் போட்டிருக்கற சட்டை எங்க கிடைக்கும்?"

"உங்க பீரோலதான்."

"இல்லண்ணே. அதத்தான் ரெண்டு நாளா போட்டுப் போட்டுப் பாக்கறேன். அவன் மாதிரி வரல."

அவனாம்! தன்னைப் பார்த்தே வயிறெரிகிறான், பாவம். உண்மை நாக்கு நுனிவரை வந்தது.

"அடுத்த வாரம் புதுசு வருது" என்றேன்.

"எனக்கு ஒண்ணு எடுத்து வைங்கண்ணே."

"ரெண்டா எடுத்துடறேன்." அதே சட்டைதான், பட்டன் மட்டும் பழுப்பு என்று தெரிந்த வாய்தான் சொன்னது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "இன்னொண்ணு யாருக்கு?"

நான் தோளை விரித்து, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன். ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதல்ல மூச்ச விடுங்க" என்றாள்.