தறிச் சத்தம் நின்ற நேரம்

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மைதிலி தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து போன் வந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். கூட வேலை பார்க்கும் வேல்விழியின் குரல் என்பது மட்டும் தெரிந்தது, பேச்சு பிடிபடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் குடோன். சாமளாபுரத்தில் அந்தத் தெரு முழுக்கவே அப்படித்தான். காலையில் தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்குள் இருப்பவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். போதாததற்கு வீட்டுக்குள் சிக்னலும் பாதிதான் கிடைக்கும்.

"மாடிக்குப் போயிப் பேசு சாமி," என்றாள் நல்லம்மாள். "எனக்கு ஒண்ணும் வேண்டியதில்ல இப்ப."

மைதிலி தண்ணீர் டம்ளரை அம்மாவின் கைக்கெட்டும் ஸ்டூலில் வைத்துவிட்டு மாடியேறினாள்.

நல்லம்மாள் போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கோயமுத்தூரில் ஆபரேஷன் ஆனது. காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா இறந்து வெகுகாலம் ஆகிறது. மைதிலி ஒரே மகள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். விடுப்பெடுத்து வந்தவள் சோறாக்கினாள், மருந்து கொடுத்தாள், பெட்பேன் வைத்தாள். முதல் முறை பெட்பேன் வைத்தபோது, "பெத்த புள்ளகிட்ட என்ன கூச்சம்" என்று அம்மாவே சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் திருப்பிக்கொண்டாள். கூப்பிடவும் மாட்டாள். முடிந்தவரை அடக்கிவைத்து, மைதிலி தானாக வந்து கேட்கும்போது, "செரி, வந்தது வந்துட்டே," என்பாள்.

பெங்களூரில் மைதிலிக்கு ஒரு படுக்கையறை வீடு. வேலை, பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தொலைநோக்கியை இயக்குவது. தினமும் அது எங்கே திரும்ப வேண்டும், எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று கட்டளைகள் எழுதி அனுப்புவாள், அதன் சூடும் குளிரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பாள். ஊரில் யாராவது கேட்டால் அம்மா, "ராக்கெட் ஆபீசுங்க," என்று முடித்துவிடுவாள். மைதிலியும் திருத்தியதில்லை. சொன்னால் அடுத்த கேள்வி கல்யாணத்தைப் பற்றித்தான் வரும். அங்கேயும் வேலை நேரம் தவிர அவளோடு பேச ஆளில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய சில நாட்களில், கடைக்காரரிடம் பால் கேட்டதைத் தவிர வேறு எதுவுமே பேசவில்லை என்பது படுக்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

மாடியில் வெயில் காலைச் சுட்டது. தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"அக்கா, சேஃப் மோடுக்குப் போயிருச்சுக்கா," என்றாள் வேல்விழி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. "காலைல பாத்தா கதவு மூடிக் கெடக்கு. நாங்களா மூடல, அதுவா மூடிக்கிருச்சு."

தொலைநோக்கியின் முன்னால் ஒரு கதவு உண்டு. குறி கொஞ்சம் தவறினாலும் கருவி தன்னைக் காத்துக்கொள்ள வேலையை நிறுத்திவிடும், கதவும் தானாகவே மூடிக்கொள்ளும். அதுதான் சேஃப் மோடு. உள்ளே ஒரு சிறு தட்டு சூரியனின் முகத்தை மறைத்து நிற்க, அதைச் சுற்றிலும் கசியும் ஒளியை மட்டும்தான் கருவி படமெடுக்கிறது. குறி தவறிய நிலையில் கதவைத் திறந்தால் வெயில் நேராக உள்ளே விழுந்து கருவி கருகிவிடும். பிறகு அதைச் சரிசெய்ய அங்கே யாரும் போக முடியாது. திறக்காமலும் இருக்க முடியாத நாள் அது. பெரிய சூரியப் புள்ளிக் கூட்டம் ஒன்று பூமியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்து எது வெடித்துக் கிளம்பினாலும் முதலில் இந்தக் கருவிக்குத்தான் தெரிய வேண்டும். மதியத்துக்கு மேல், கட்டளை அனுப்பும் தரை ஆன்டெனா வேறொரு விண்கலத்துக்குப் போய்விடும்.

"தெச காட்டுற ரெண்டு சென்சாரும் ஒண்ணு சொன்னத இன்னொண்ணு சொல்லலக்கா. ஒண்ணு நேரா இருக்குன்னு காட்டுது, இன்னொண்ணு சரிஞ்சிருக்குன்னு காட்டுது. எத நம்ப?"

"ரெண்டாவது குளிர்ல கெடந்தா அப்படித்தான் தப்பாக் காட்டும் வேலு. போன தடவையும் இதே கததான். ஹீட்டரப் போட்டுட்டுக் காத்திரு. ரெண்டும் ஒத்து வந்தாத்தான் தொறக்கணும்."

"சார் கேக்காரு, இப்பவே தொறந்தா என்னன்னு."

"வேண்டாம்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

காத்திருந்தார்கள். வேல்விழி அவ்வப்போது எண்களைப் படித்தாள். மைதிலி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வெயில், வியர்வை, சுற்றிலும் ஊரே ஒரே இயந்திரம் போல அதிரும் சத்தம், அதற்கு நடுவே அந்த எண்கள். ஒரு மாதமாக அவளுக்குள் கிடந்த ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இங்கே வந்ததிலிருந்து இப்போதுதான் அவளிடம் அவளுக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்கிறார்கள். அப்படி நினைத்தபோதே கூச்சமாகவும் இருந்தது.

அப்போது கரண்ட் போனது.

தறிகள் ஒவ்வொன்றாக நிற்கவில்லை, மொத்தமாக நின்றன. ஊர் முழுக்க அமைதி வந்து கவிந்தது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. கீழேயிருந்து சத்தம் வந்தது. டங், டங், டங். ஸ்டூலின் மேல் டம்ளரைத் தட்டும் சத்தம்.

மைதிலி படிக்கட்டுக்கு ஓடி இரண்டு படி இறங்கினாள். வேல்விழியின் குரல் உடைந்து துண்டு துண்டானது. மறுபடி மேலே ஏறினாள்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? ஒத்து வந்துட்டு இருக்குக்கா. சார் பக்கத்துலயே நிக்காரு."

கைப்பிடிச் சுவரில் எட்டிப் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். ரங்காத்தாள் அத்தை வீட்டில் பூட்டுத் தொங்கியது. டங், டங். அவசரமில்லாத, ஒரே சீரான தட்டல்.

"ஒத்து வந்திருச்சுக்கா. தொறக்கட்டுமா?"

திற என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடியிருக்கலாம். "இன்னொருக்கா படி," என்றாள் மைதிலி.

வேல்விழி முதலிலிருந்து படித்தாள். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே கீழே தட்டல் நின்றுபோனது. மைதிலிக்கு அது தெரிந்தது. ஆனாலும் கடைசி எண் வரை கேட்டாள்.

"தொற."

கட்டளை போய்ச் சேர ஐந்து நொடி, பதில் வர ஐந்து நொடி. மறுமுனையில் யாரோ கைதட்டினார்கள். வேல்விழி அழுகிற மாதிரி சிரித்தாள். மைதிலி போனை அணைத்துவிட்டு இறங்கி ஓடினாள்.

நல்லம்மாள் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். ரப்பர் ஷீட் விலகியிருந்தது. சேலையும் பாவாடையும் மெத்தையும் நனைந்திருந்தன.

மைதிலி வெந்நீர் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி அம்மாவைப் பாதி புரட்டி, அந்தப் பக்கம் துடைத்து, மெத்தையைச் சுருட்டி உருவி, பழைய ஜமுக்காளத்தை விரித்தாள். அம்மாவின் தொடைகள் இவ்வளவு மெலிந்துபோனதை அதுவரை அவள் கவனித்திருக்கவில்லை.

"உன்ர வேலை நல்லபடியா ஆச்சா கண்ணு?"

"ஆச்சும்மா."

துண்டைப் பிழிந்து மறுபடி துடைத்தாள்.

"நான் தட்டுனது கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். அம்மா அதை நம்பியிருப்பாள்.

"கேட்டுச்சும்மா."

நல்லம்மாள் தலையை ஆட்டினாள். "தறி ஓடறப்பத் தட்டி என்ன பிரயோசனம்? கரண்டு போனா உனக்குக் கேக்கும்னு பாத்துட்டே கெடந்தேன். மத்த நாளெல்லாம் நாலு வாட்டி போவுது, இன்னிக்கின்னு பாத்து இத்தன நேரமாப் போவவே காணோம்."

மைதிலியின் கை அப்படியே நின்றது.

"கோவமாம்மா?"

"கோவமென்ன. ஆளு ஒருத்தி வெச்சுக்கலாம் சாமி. நீ போயி உன் சோலியப் பாரு," என்றாள்.

"நான் இங்கயே இருக்கறேன்."

"இருந்தயே," என்றாள் நல்லம்மாள். "மேலதான இருந்தே."

அதில் குற்றம் சொல்லும் தொனி இருக்கிறதா என்று மைதிலி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்கள் மூடியிருந்தன. புதிதாக உடுத்திவிட்ட சேலையின் முந்தானையை மார்பின் மேல் இழுத்துவிட்டபோது அம்மாவின் விரல்கள் மைதிலியின் மணிக்கட்டைப் பிடித்தன, பிறகு விட்டுவிட்டன. அம்மாவின் மூச்சு சீராகும்வரை மைதிலி கட்டிலோரமே நின்றாள்.

துணிகளை ஊறவைத்துவிட்டு மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறினாள். நனைந்த பஞ்சு கனத்தது. மாடித் தரையில் இறக்கி விரித்தாள். போனில் படம் வந்திருந்தது. நடுவில் கறுப்பு வட்டம், சுற்றிலும் வெண்மையான இழைகள். இடது பக்கம் ஒரு பெரிய வளையம் கழன்று வெளியே கிளம்பிக்கொண்டிருந்தது. வேல்விழி கீழே நிறைய ஆச்சரியக்குறிகள் போட்டிருந்தாள். யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது மைதிலிக்கு. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போனை நைட்டிப் பையில் போட்டாள்.

கரண்ட் வந்து முதல் தறி ஓட ஆரம்பித்தது. தொட்டியின் நிழல் மெத்தையின் ஓரத்தைத் தொட்டிருந்தது. அதை இழுத்து நகர்த்தினாள். கைப்பிடிச் சுவரோரம் நிமிர்த்தி, ஈரப் பக்கத்தை வெயிலுக்குக் காட்டிச் சாய்த்தாள். அதன் பின்னால் ஒரு முழம் அகலத்துக்கு நிழல் விழுந்தது. கால்களை மடக்கிக்கொண்டு அந்த நிழலுக்குள் உட்கார்ந்தாள்.