இறக்கைக்குள் டெல்பர்ட்டின் கை

எங்கள் கார் இரண்டு குளிர்காலமாக வெளியே பனியில் கிடக்கிறது. கராஜில் இருப்பது என் விமானத்தின் இறக்கை. பெட்டி பெட்டியாக வந்த அலுமினியத் தகடுகளைச் சேர்த்து நானே கட்டுகிற விமானம். ஓட்டப்போவதும் நான்தான். பக்கத்து இருக்கையில் என் கணவன் டெல்பர்ட் உட்கார வேண்டும், அது ஒன்றுதான் என் ஆசை. அவனோ, "நான் தரையில நின்னு கை காட்டறேன் மார்லிஸ்," என்றே சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்கினான்.

ஆனால் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே நின்று காற்றுச் சுத்தியலால் நான் அடிப்பேன். அவன் இறக்கைக்குள் தோள்வரை கையை நுழைத்து, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ரிவெட்டின் வாலுக்கு இரும்புக் கட்டியை முட்டுக்கொடுப்பான். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. தகட்டை அவன் ஒருமுறை தட்டினால் இன்னும் அடிக்க வேண்டும், இருமுறை தட்டினால் சரி. உள்ளே வால் எப்படி நசுங்கியிருக்கிறது என்பது அவன் விரலுக்குத்தான் தெரியும்.

கடைசி வரிசையை முடித்த மறுநாள், காலைக் காப்பியின்போது மெல்ல ஆரம்பித்தான்.

"நேத்து மூணு ரிவெட் சரியில்ல. கட்டி வழுக்கிடுச்சு. வாலு சாஞ்சுபோச்சு."

"சரின்னு ரெண்டு தட்டு தட்டினியே?"

"கை மரத்துப்போச்சு. முடிஞ்சாப் போதும்னு தட்டிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். ரிவெட்டை அடிப்பது சுலபம், எடுப்பதுதான் தலைவலி. டிரில் மயிரிழை விலகினாலும் துளை பெரிதாகிவிடும். மதியம் டிரில்லை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ரிவெட்டின் தலையையும் குடைந்து எடுத்தேன். இரண்டு ஒழுங்காக வந்தன. மூன்றாவதில் துளை விரிந்துவிட்டது, சனியன். அதற்கு அடுத்த அளவு ரிவெட் போட வேண்டியதாயிற்று. இந்த முறை அவன் ஒரு தட்டு தட்டினான், மறுபடி ஒரு தட்டு, நன்றாகத் தடவிப் பார்த்த பிறகே இரண்டு.

சனிக்கிழமை ஹார்லன் வந்தார். இறக்கையை மூடுவதற்கு முன்னால் எங்கள் விமானச் சங்கத்திலிருந்து வந்து பார்த்துச் சொல்கிறவர் அவர். கைக்கண்ணாடியும் டார்ச்சுமாக உள்ளே தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"உள்ள கட்டி பிடிச்சது யாரு? எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த மூன்றின் கதையையும் சொன்னேன். ஹார்லன் சிரித்துவிட்டார்.

"மூணே மூணுக்கா இந்தப் பாடு? அப்படியே விட்டிருந்தாலும் இறக்கை ஒண்ணும் கழண்டு விழுந்திருக்காதே டெல்பர்ட்."

"விழாதுதான். ஆனா மேல போய் உக்காந்துட்டு அந்த மூணையே நெனச்சிட்டிருக்க என்னால முடியாது."

தரையில் நின்று கை காட்டுகிறேன் என்றவன் பேசுகிற பேச்சா இது!

"இருப்பா, அவசரப்படாதே," என்றார் ஹார்லன். "வீட்ல கட்டின விமானத்த மொத நாப்பது மணி நேரம் இவ தனியாத்தான் ஓட்டிப் பாக்கணும். கூட ஆள ஏத்தக் கூடாது, அதான் சட்டம்."

"தெரியும்," என்றான் டெல்பர்ட். "நாப்பத்தோராவது மணியிலேர்ந்து அந்த சீட்டு என்னுது."